பட்டம் இருக்கட்டும், வார்டில் எத்தனை மாதம்?

மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்திருக்கும் 24 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பிஎஸ்சி நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் முடித்தவர். இரண்டு ஆண்டுகளாக ஓர் எடைக்குறைப்பு மையத்தில் வேலை பார்க்கிறார். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் ஒன்றும் கையில் இருக்கிறது. மையத்தின் உரிமையாளர் விசிட்டிங் கார்டில் ‘சீனியர் டயட்டீஷியன்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருட அனுபவம் வந்துவிட்டதால் அடுத்த கார்டில் பெயருக்குப் பின்னால் ‘ஆர்டி’ (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) என்றும் போட்டுக்கொள்ளலாம் என்கிறாராம்.

இதற்கிடையே, சர்க்கரை நோயும், சிறுநீரகம் பலவீனமாகியிருப்பதைக் காட்டும் கிரியாட்டினின் 2.4-ம் உள்ள 58 வயதுக்காரர் ஒருவருக்கு, மையத்தின் வழக்கமான புரதம் அதிகமுள்ள டயட் சார்ட்டையும் காலையில் வாழைத்தண்டு ஜூஸையும் இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் அவருடைய மகள் போன் செய்து, “அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது” என்று சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. முறையாகப் படித்து ஆர்டி ஆகிவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தாராம்.

ஆனால் வழி குழம்பிக் கிடக்கிறது. வேலையை விடாமல் தபால் வழியில் எம்எஸ்சி படிக்கலாம் என்கிறாள் தோழி. நியூஜெர்சியில் இருக்கும் அக்கா கணவர் அமெரிக்காவுக்கே வரச் சொல்கிறார். ‘ஒரு வருட எம்எஸ் முடித்தால் அங்கே தானாகவே ஆர்டி’ என்கிறது ஒரு கன்சல்டன்சி. செலவு 35 லட்சம், அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார். “நான் எதைச் செய்வது மேடம்? இதற்கே வயதாகிவிட்டதா?” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கல்லூரி, கடன், அமெரிக்கா எல்லாம் பெரிதாகத் தெரிந்தன. இரண்டாவது முறை அந்த வீங்கிய கால்தான் தெரிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த அப்பாவைக் கூப்பிடுங்கள்

இன்றைக்கே அந்த மகளுக்குப் போன் செய்யுங்கள். “நான் கொடுத்த சார்ட்டை நிறுத்திவிடுங்கள். கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டோடு இன்றே சிறுநீரக டாக்டரிடம் கூட்டிப் போங்கள். என்ன சாப்பிட்டார் என்று அந்தச் சார்ட்டையும் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். வேறு சார்ட் எழுதித் தர முயல வேண்டாம். கால் வீக்கத்துக்கு உங்கள் சார்ட்தான் காரணமா, இதயமா, மாத்திரையா, ஏற்கெனவே இருந்த நோயின் போக்கா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். குற்ற உணர்ச்சியில் நீங்களாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அதற்காக மறைக்கவும் கூடாது.

எங்கே தவறு நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பின்னால் சொல்லப்போவது புரியாது. டயாலிசிஸுக்குப் போகாத, சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்றுதான் பொதுவாகக் கணக்கிடுகிறோம். அதே மனிதர் நாளைக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு 1.0 முதல் 1.2 கிராமுக்கு ஏறிவிடும். நேற்றுவரை குறைக்கச் சொன்ன முட்டையை இன்று ‘கட்டாயம் சாப்பிடுங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது சிறுநீரகக் கல்லை மனதில் வைத்துச் சொன்னது. அதில் பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் ஏறியவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான். ‘லோ சோடியம் உப்பு’ என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள்.

இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாததல்ல. நீங்கள் படித்திருப்பீர்கள், தேர்வில் எழுதியும் இருப்பீர்கள். ஆனால் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கண் தானாகப் பொட்டாசியம் வரிக்குப் போக வேண்டும் அல்லவா, அந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது. பக்கத்தில் ஒரு சீனியர் நின்று, “இதைப் பார்த்தாயா?” என்று நூறு முறை கேட்டால்தான் வரும்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் இன்டர்ன்ஷிப் செய்த மருத்துவமனையில் ஒரு முதியவர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். மூக்கு வழி ட்யூப் போட்டிருந்தார்கள். பாவம், இத்தனை நாள் பட்டினி கிடந்தாரே என்று முதல் நாளே முழுக் கலோரியையும் எழுதினேன். என் சீனியர் அந்தத் தாளைக் குறுக்கே அடித்துவிட்டு, “பாஸ்பரஸ் எவ்வளவு? மக்னீசியம் பார்த்தாயா? தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் மடமடவென்று இறங்கி உயிரையே எடுத்துவிடலாம். ரீஃபீடிங் சின்ட்ரோம் என்று அதை நான் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். கட்டில் பக்கத்தில் நின்றபோது ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குறுக்குக் கோடு என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் என்னிடம் ஒரே அளவுகோல்தான். எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வழியில் யாருடைய மேற்பார்வையில், எந்த வார்டில், எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறோம் என்று கேளுங்கள்.

ஆர்டி என்ற இரண்டு எழுத்து

உங்கள் உரிமையாளர் சொல்வது தவறு. ஆர்டி என்பது அனுபவத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் பட்டம் கிடையாது. நம் நாட்டில் இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன், அதாவது ஐடிஏ, தேர்வு நடத்தி அதில் தேறியவர்களுக்குத் தரும் தகுதி அது. அந்தத் தேர்வுக்கு உங்கள் பிஎஸ்சியும் எடைக்குறைப்பு மையத்தின் அனுபவமும் போதாது. வழக்கமான பாதை இதுதான்: உணவு, ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் சார்ந்த எம்எஸ்சி அல்லது பிஜி டிப்ளமோ, அதோடு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், அப்புறம் தேர்வு. எந்தப் பாடத் தலைப்புகளை ஏற்கிறார்கள், எந்த மாதிரி மருத்துவமனையை ஏற்கிறார்கள் என்பதை நீங்கள் கல்லூரியில் சேருவதற்கு முன்பே அந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். படித்து முடித்த பிறகு, ‘உன் இன்டர்ன்ஷிப் கணக்கில் வராது’ என்று தெரிந்து என்னிடம் அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் உண்டு.

ஐடிஏவின் ஆர்டி ஒரு தொழில்முறை அமைப்பு தரும் தகுதி. அரசு உரிமம் வேறு. 2021-இல் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் டயட்டீஷியன்களும் நியூட்ரிஷனிஸ்ட்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். பதிவேடு, மாநில கவுன்சில், பதிவில்லாமல் பதிவு பெற்றவர் என்று காட்டிக்கொண்டால் தண்டனை எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. 2025-இல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் உட்படப் பல துறைகளுக்குத் தேசிய அளவில் பாடத்திட்டக் கையேடுகளும் வெளிவந்தன. ‘யார் வேண்டுமானாலும் டயட்டீஷியன்’ என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு மிரட்டலாகச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை கேட்டுக்கொண்டே இருந்த ஒன்று இது.

ஆகவே அந்தக் கார்டை அச்சடிக்க விடாதீர்கள். பெயருக்குப் பின்னால் உங்கள் பிஎஸ்சியைப் போடுங்கள், அது நீங்கள் உழைத்து வாங்கியது. ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்ளலாம். பேசினால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தால் எழுத்தில் மரியாதையாகக் கேளுங்கள்: சிறுநீரகம், ஈரல், இதயக் கோளாறு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் இன்சுலின் போடுகிறவர்களையும் டாக்டர் கடிதம் இல்லாமல் என்னிடம் அனுப்ப வேண்டாம் என்று. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மையத்தில் கீட்டோ டயட் கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாவுச்சத்தை அப்படி அடியோடு நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை, வரலாம். மீட்டரில் எண் சாதாரணமாகத் தெரியும், ஆள் உள்ளே கவிழ்ந்துகொண்டிருப்பார். மாத்திரைப் பட்டியல் வாங்காமல் யாருக்கும் சார்ட் கொடுக்காதீர்கள்.

தபால் வழி எம்எஸ்சி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோழி சொன்னது முன்பு இருந்த வழி. 2025 ஜூலை–ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து, மேலே சொன்ன 2021 சட்டத்தின் கீழ் வரும் துறைகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யுஜிசி தடை விதித்துவிட்டது. உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இனி யாராவது ‘வீட்டிலிருந்தே எம்எஸ்சி டயட்டெடிக்ஸ், அட்மிஷன் நடக்கிறது’ என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்து முடித்தவர்களின் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பத்தைச் சுமந்துகொண்டு அப்படிப் படித்து, பிறகு வார்டில் கடுமையாக உழைத்துச் சிறந்த டயட்டீஷியன்களாக வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

அமெரிக்கா: பாதி உண்மை

கன்சல்டன்சி சொன்னதில் ஒரு பாதி சரி. அமெரிக்காவில் ஆர்டி தேர்வை நடத்துவது கமிஷன் ஆன் டயட்டெடிக் ரெஜிஸ்ட்ரேஷன். 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தேர்வுக்கு முதல் தடவையாகத் தகுதி பெறுகிறவர்களுக்குக் குறைந்தது முதுகலைப் பட்டம் வேண்டும். அதற்கு முன் இளங்கலையே போதுமாக இருந்தது. இதை வைத்துத்தான் ‘எம்எஸ் முடித்தால் ஆர்டி’ என்று விற்கிறார்கள்.

சொல்லாமல் விட்ட பாதி என்ன? முதுகலை என்பது ஒரு நிபந்தனை மட்டும்தான். ஏசென்ட் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற டயட்டெடிக்ஸ் பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் ‘எம்எஸ் நியூட்ரிஷன்’ தருகிறது என்பதால் அதற்குள் இந்த இரண்டும் இருக்கின்றன என்று அர்த்தமில்லை. ஆராய்ச்சிக்காகவே அமைந்த எம்எஸ் படிப்புகள் நிறைய உண்டு. அதில் சேர்ந்து நன்றாகப் படித்து, தங்கப் பதக்கமே வாங்கினாலும் தேர்வு எழுத முடியாது. பாடமும் பயிற்சியும் சேர்ந்தே வரும் படிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் இடம் கிடைப்பது கடினம், ஒரு வருடத்தில் முடிவதும் அரிது. இன்டர்ன்ஷிப்புக்குத் தனியாக விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டிய வழி என்றால் அதற்கு வேறு கட்டணம், வேறு காலம்.

உங்களுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தை அங்கே ஏற்கப்பட்ட ஏஜென்சி ஒன்று மதிப்பீடு செய்து, அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். மூன்று வருட இந்திய பிஎஸ்சி அங்கே நான்கு வருட இளங்கலைக்குச் சமமாக ஏற்கப்படும் என்பது உறுதியில்லை. விட்டுப்போன பாடங்களை அங்கே காசு கட்டிப் படிக்க நேரலாம். எல்லாம் முடிந்து தேர்விலும் தேறிய பிறகு, பல மாநிலங்களில் தனியாக உரிமமும் வாங்க வேண்டும். நம் ஐடிஏ ஆர்டியைக் காட்டி அங்கே நேராக வேலைக்குப் போக முடியாது.

அதனால் கன்சல்டன்சியிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்தப் படிப்பு ஏசென்ட் பட்டியலில் எந்த வகையில் இருக்கிறது? 1,000 மணி நேரப் பயிற்சி இதற்குள் உறுதியாக வருகிறதா, இல்லை நான் தனியாகத் தேட வேண்டுமா? பயிற்சிக் காலத்தில் என் விசா அனுமதி என்னவாக இருக்கும்? மூன்றாவது கேள்வியைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் நேராகக் கேளுங்கள். போனில் “எல்லாம் பார்த்துக்கலாம்” என்று வரும் பதிலை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகக் கூடாது. அக்கா கணவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. அவருக்கு இந்தத் துறையின் விதிகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்

வீட்டை அடமானம் வைக்காமல், இங்கேயே நேரடி வகுப்பில் இரண்டு வருட எம்எஸ்சி படிப்பேன். கோவை அவினாசிலிங்கம், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. செலவுதான் பயம் என்றால் ராணி மேரிக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளின் ஹோம் சயின்ஸ் துறையை முதலில் பாருங்கள். மருத்துவமனையைவிட மக்கள் ஊட்டச்சத்தில் மனம் போனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் எம்எஸ்சி அப்ளைடு நியூட்ரிஷன் இருக்கிறது. அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆய்வுக்காகத் தொடங்கி, 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. நம் துறையின் வேர் நீலகிரியில் இருக்கிறது என்று என் மாணவிகளிடம் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பிஜி டிப்ளமோ சீக்கிரம் முடியும், செலவும் குறைவு, ஐடிஏ தேர்வுக்கும் வழி உண்டு. குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால் அதுவும் நல்ல தேர்வுதான். ஆனால் உங்களுக்கு அமெரிக்க ஆசை இருப்பதால் எம்எஸ்சியையே சொல்கிறேன். இந்திய எம்எஸ்சி மதிப்பீட்டில் முதுகலைக்குச் சமம் என்று வந்துவிட்டால், அங்கே கேட்கும் முதுகலை நிபந்தனை நிறைவேறிவிடும். பிறகு அங்கீகரிக்கப்பட்ட பாடங்களையும் பயிற்சியையும் மட்டும் தேடிப் போகலாம். இங்கே படிக்கும் இரண்டு வருடம் அந்தக் கதவை மூடுவதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில் என்று கேளுங்கள். முந்தைய பேட்ச் அக்காக்கள் இரண்டு பேரைப் பிடித்து, ஆறு மாதமும் என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள். சில இடங்களில் பிள்ளைகளைக் கிச்சனில் ட்ரே எண்ணவும் டயட் ஸ்லிப் ஒட்டவும் மட்டுமே நிறுத்திவிடுகிறார்கள். கிச்சனும் தெரிய வேண்டும்தான். உப்பில்லாத சாம்பாரை நோயாளி சாப்பிடுகிற மாதிரி எப்படிச் செய்வது, பொட்டாசியம் குறைய வேண்டுமென்றால் காய்களைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் படியும். ஆனால் ஐசியூ, சிறுநீரகம், புற்றுநோய், குழந்தைகள், சர்க்கரை என்று சுற்றி வர விடுகிறார்களா? உங்களுக்கு வழிகாட்டுபவர் ஆர்டி முடித்தவரா? நீங்கள் எழுதும் குறிப்பை அவர் தினமும் திருத்துகிறாரா? இதற்கெல்லாம் ‘ஆமாம்’ என்றால் கல்லூரி சின்னதாக இருந்தாலும் சேருங்கள். பல இடங்களில் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கிடையாது, சில மருத்துவமனைகள் கட்டணமும் வாங்குகின்றன. அந்த ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் இப்போதைய சம்பளத்திலிருந்தே மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 24 வயதில் தொடங்கினால் 27-க்குள் ஆர்டி தேர்வை எழுதிவிடலாம். என்னிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர்களில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவான ஒருவர் இருந்தார், 36 வயது. ரவுண்ட்ஸுக்கு அவர்தான் முதலில் வந்து நிற்பார்.

அந்த அப்பா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் அவருடைய பொட்டாசியம் எவ்வளவு என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். எம்எஸ்சி இடம் கிடைத்து, இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனை என்று தெரிந்தாலும் எழுதுங்கள். முதல் வாரம் வார்டுக்குப் போகும்போது பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டயட்டீஷியன் அக்கா